சாமைக்காட்டுப் பாட்டுப் பெட்டி

என் பாட்டுப் பெட்டிக்குள் இருக்கிற ஏற்பாடுகள் எல்லாம் நான் வைத்தவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் யார் அந்தப் பெட்டியைப் பார்த்தாலும், மகன் வந்தபோது வைத்துக் கொடுத்தானா என்றுதான் கேட்கிறார்கள். மகன் நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவன் மலைக்கு வருவதே விசேஷத்துக்கும் நோவுக்கும்தான். அவன் கை அந்தப் பெட்டியில் படவே இல்லை.

பெட்டி உள்ளங்கை அகலம்தான். நடுவில் வட்டமாக ஒரு பொத்தான், அதைச் சுற்றி ஒரு வளையம், மேலே சின்னக் கண்ணாடி. நகம் போல ஒரு கார்டை ஓரத்தில் சொருகினால் பாட்டு வரும். சோளக்காட்டுச் சந்தையில் செல்போன் கடை வைத்திருப்பவரிடம் வாங்கினேன். மிளகு பறிக்கும்போது இடுப்பில் சொருகிக்கொண்டு கேட்கலாம் என்று வாங்கியது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், எண் நன்றாக வரும். கண்ணாடியில் வருவது இங்கிலீஷ். அதனால் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு படத்தையும் வைத்து, பெட்டி என்ன செய்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அந்தப் பெட்டியைக் காட்டுக்குக் கொண்டுபோனது சாமைக்காக.

மேட்டில் எனக்குச் சரிவாக ஒரு காடு, அதாவது மானாவாரி நிலம், இருக்கிறது. பெரக்கரை நாடு என்கிற எங்கள் மலைப் பக்கத்தில் இப்போது பாதிப் பேர் சாமையை விட்டுவிட்டு மரவள்ளிக் குச்சிக்கிழங்கு போட்டுவிட்டார்கள். கிழங்கு லாரி ஏறிக் கீழே மில்லுக்குப் போய்விடும், காவல் காக்கிற வேலை குறைவு என்கிறார்கள். நான் சாமையை விடவில்லை. போன வருடம் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் குரங்குக் கூட்டம் இறங்கியது. எனக்கு முழங்கால் சரியில்லை. நான் மேலே ஏறினால் அவை கீழே இறங்கின. நான் கீழே வந்தால் மேலே போய் உட்கார்ந்தன. கடைசியில் அறுத்து வந்தது விதைக்குக்கூடப் போதவில்லை.

அந்தச் சமயத்தில் மகன் வந்தான். மலையடிவாரத்தில் காரவள்ளிப் பக்கத்துக்காரர் ஒருவர் மலையில் கிழங்கு போடக் காடு குத்தகைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்றான். இந்த வயதில் குரங்கோடு மல்லுக்கட்ட வேண்டுமா என்றும் கேட்டான். அவன் கேட்டதில் தப்பு இல்லை. ஆனால் அந்தக் காட்டை நான் கல் பொறுக்கிக் காடாக்கினேன். குத்தகைக்காரர் கிழங்கு பிடுங்கப் பிடுங்க மேல்மண் மழையோடு ஓடைக்குப் போய்விடும், அதையும் நான் பல காட்டில் பார்த்திருக்கிறேன்.

"ஒரே ஒரு வெள்ளாமை பாக்கறேன் கண்ணு. சாமை ஊடு வந்து சேந்துச்சுன்னா குத்தகைப் பேச்சு இந்த ஊட்டுல வரக் கூடாது. வராட்டி நீ சொல்றதுதான்" என்றேன்.

சரி என்று சிரித்தான். அவன் சரி என்றது எனக்குப் போதும். சிரித்ததுதான் பிடிக்கவில்லை.

ஆடியில் விதைத்தேன். நன்றாக முளைத்தது. களை எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு நாள் பெட்டியின் ஓரத்தில் இருந்த பொத்தானை அறியாமல் அழுத்தியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து பாட்டு வைத்தால், பாட்டுக்குப் பதில் என் குரல் வந்தது. மத்தியானம் காட்டில் ஒரு வெள்ளாட்டை நான் திட்டிய திட்டு, ஒரு சொல் குறையாமல் வந்தது. வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் நாலு பக்கமும் சிதறி ஓடின. நான் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு அதை மறுபடியும் கேட்டேன். என் குரல் நல்ல குரல். மேட்டில் நின்று பேசினால் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும். கோழிக்கு ஆகிறது குரங்குக்கு ஆகாமலா போகும் என்று தோன்றியது.

கதிர் வருவதற்கு முன்னாலேயே வேண்டிய சத்தம் எல்லாவற்றையும் பெட்டிக்குள் பிடித்து வைத்துவிட்டேன். நாய் குரைப்பது ஒன்று. டின் தட்டுவது ஒன்று. குரங்கை முடுக்கி விரட்டும்போது நான் திட்டுவது ஒன்று. அதை இங்கே சொல்ல மாட்டேன். நான்காவதாக என் கூவு.

கூவு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் மலையில் ஒரு மேட்டில் வேலை செய்கிறவர் எதிர்மேட்டில் இருப்பவரை நீளமாகக் கூவிக் கூப்பிடுவார். கேட்டவர் பதில் கூவு கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இருப்பது மரியாதைக் குறைவு. ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கூவினால் ஏதோ ஆபத்து என்று பொருள், கைவேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஒவ்வொருவரைக் கூப்பிடவும் கூவு வேறு மாதிரி இருக்கும். என் எதிர்மேட்டில் இருப்பவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. வயதில் என்னைவிட மூத்தவள், முறையில் இளையவள். இரண்டையும் அவள் மறப்பதே இல்லை. காலையில் காட்டுக்கு வந்ததும் நான் கூவுவேன், அவள் கொடுப்பாள். சாயங்காலம் கிளம்பும்போதும் அப்படித்தான். எங்கள் வீட்டுக்காரர்கள் இருவரும் போன பிறகு இது ஒரு நாளும் விட்டதில்லை. அவளைக் கூப்பிடுகிற கூவைத்தான் நான் பெட்டிக்குள் பிடித்தேன். எனக்கு அதுதான் நன்றாக வரும்.

வெங்காயம் விற்கிற வண்டிக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி சத்தம் பெருக்குகிற ஒரு சின்னக் குழாயும் அதற்கு ஒரு பேட்டரியும் வாங்கினேன். கடைக்காரர் பெட்டிக்கும் குழாய்க்கும் ஒயர் மாட்டிக் கொடுத்தார். காட்டின் நடுவில் நிற்கிற பலாமரத்தில் ஓர் எண்ணெய் டின்னைக் கட்டி, மழை படாமல் பெட்டியை அதற்குள் வைத்தேன். குழாய் வெளியே எட்டிப் பார்த்தது.

முதல் நாள் பெட்டி நாயை மட்டும் குரைக்க வைத்தது. நான் எதிர்பார்த்தபடி டின்னும் வரவில்லை, திட்டும் வரவில்லை. நாய், நாய், மறுபடியும் நாய். என்னுடைய நிஜ நாய் மரத்தடியில் நின்று அதற்குப் பதில் குரைத்துக் குரைத்து மத்தியானத்துக்குள் நாக்குத் தள்ளிப் படுத்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்தேன். வட்டமாக வளைந்த ஓர் அம்பு, அதன் வயிற்றில் ஒன்று என்று எண் போட்டிருந்தது. ஓ, ஒன்றையே சுற்று என்கிற அர்த்தம் போல என்று எடுத்துக்கொண்டேன். வளையத்தை அழுத்தினால் அந்த எண் போய், வெறும் அம்பு வந்தது. அதில் எல்லாம் வரிசையாக வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

ஆரம்பித்தது சரி, நடுவில் சினிமாப் பாட்டும் வந்தது. திட்டு முடிந்ததும் ஒரு காதல் பாட்டு. அதைக் கேட்டுக் குரங்குகள் வரப்பில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்த்தன. கார்டில் பாட்டு ஓர் அறையிலும், நான் பிடித்த குரல் இன்னோர் அறையிலும் இருப்பதைப் பிறகு கண்டுபிடித்தேன். அறை என்று நான் சொல்கிறேன். கண்ணாடியில் அது ஒரு மடித்த பை மாதிரி இருக்கும். என் குரல் இருக்கிற பைக்குள் போய், இந்தப் பையை விட்டு வெளியே போகாதே என்கிற இடத்தில் சரிக்குறி போட வேண்டும். அதைப் போட்டேன்.

அடுத்தது கடிகாரப் படம். பெட்டி கொஞ்ச நேரம் கத்திவிட்டுத் தானாகவே தூங்கிப்போனது. அந்தக் கடிகாரத்துக்கு நேராக இருந்த எண்ணைப் பூஜ்யம் வரை குறைத்தேன், தூங்குவதை நிறுத்திக்கொண்டது. கடைக்காரர் இளவட்டங்களுக்குப் பிடிக்கிற மாதிரி இடிச்சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். அதில் என் குரல் பானைக்குள் வாயை வைத்துப் பேசுவது போல வந்தது, ஓடைவரைகூடப் போகவில்லை. கம்பி மாதிரி கோடுகள் இருக்கிற படத்துக்குள் போய் ஒவ்வொன்றாக மாற்றி, மரத்தடிக்கும் வரப்பு முனைக்கும் நடந்து நடந்து கேட்டேன். கீச்சென்று வருகிற ஒன்றில்தான் மலை முழுக்கக் கேட்டது. அதை வைத்தேன். சந்தையில் கடைக்காரரிடம் இதையெல்லாம் சொன்னபோது, யார் வைத்துக் கொடுத்தது என்று அவரும் கேட்டார். நான்தான் வைத்தேன் என்று அவர் கடையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு வந்தேன்.

கதிர் வெளியே வந்தது. குரங்குகளும் வந்தன. பெட்டி கத்தியது, அவை போயின. டின்னுக்குப் போனதைவிடக் கூவுக்குத்தான் வேகமாகப் போயின. நான் மரத்தடியில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு பார்த்தேன். அடுத்த சந்தைக்கு, காட்டைப் பெட்டியிடம் விட்டுவிட்டே போனேன். அப்படி ஒரு தைரியம்.

சந்தையிலிருந்து திரும்பி நேராகக் காட்டுக்கு வந்தால், பலாமரத்தடியில் என் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். சேலை முழங்கால் வரை ஈரம். கையில் ராகி மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. தலைக்கு மேலே டின் கூவியது. அவள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

அந்த வாரம் முழுவதும் என் கூவுக்கு அவள் பதில் கூவு கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அண்ணி இன்றைக்கு என்ன இவ்வளவு கூப்பிடுகிறார் என்று முதலில் நினைத்திருக்கிறாள். பதில் கொடுக்காமல் இருக்க முடியாது, அவள் வளர்ப்பு அப்படி. தொண்டை கட்டிப்போய் மிளகுக் கசாயம் குடித்துவிட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் காட்டில் இருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை. அவள் யாரோடோ பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு மேட்டில் என்னைக் காணாமல் கூவு மட்டும் நிற்காமல் வரவும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, களி கிளறுவதை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"ஓடையில வழுக்கி உழுந்து எந்திரிச்சு வந்தேனுங்க அண்ணி. இங்க வந்து பாத்தா டப்பா கூப்புடுது" என்றாள். குரல் கரகரவென்று வந்தது.

"நான் உன்னயக் கூப்புடுலயே அம்மிணி. கொரங்க முடுக்கறேன்."

"கொரங்க முடுக்கறதுக்கு ஊர்ல சத்தமே இல்லீங்களா? என்னயக் கூப்புடற கூவத்தான் எடுத்து வெக்கோணுமா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அது என் தொண்டை, என் கூவு, நான் எதற்கும் வைப்பேன் என்றேன். அவள் எழுந்து சேலையை உதறினாள். இன்னொன்றும் சொன்னாள். நான் முடுக்குகிற குரங்கெல்லாம் ஓடையைத் தாண்டி அவள் ராகியில்தான் இறங்குகிறதாம்.

"இனிமேலு டப்பாவுல இருந்து வந்தாலுஞ் சரி, உங்க தொண்டையில இருந்து வந்தாலுஞ் சரி, நான் பதில் குடுக்க மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மரியாதை மட்டும் குறையவில்லை.

மறுநாள் காலையில் நான் என் தொண்டையாலேயே கூவினேன். எதிர்மேட்டில் அவள் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள், சேலை நிறம் நன்றாகத் தெரிந்தது. பதில் இல்லை. சரி போகட்டும் என்று பெட்டியை வைத்தேன். கூவை எடுக்கவும் இல்லை. ஏன் எடுக்க வேண்டும்?

அதற்குப் பிறகுதான் குரங்குகள் பெட்டியைப் படிக்க ஆரம்பித்தன. நாய் முடிந்தால் டின், டின் முடிந்தால் திட்டு, திட்டு முடிந்தால் கூவு, மறுபடி நாய் என்று அவற்றுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நாய் வரும்போது வரப்பில் காத்திருந்தன. டின்னுக்கு ஒரு குதி குதித்தன. திட்டுக்கு அசையவே இல்லை. அந்தத் திட்டுக்கு மனிதர்கள் என்றால் ஊரைவிட்டே போயிருப்பார்கள்.

நான் மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். ஒன்றையொன்று தாண்டிப் போகிற இரண்டு அம்புகள் இருந்தன. அதைத் தொட்டால் பெட்டி வரிசையை விட்டுவிட்டு இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் போடும். அதற்குப் பின்னல் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். பின்னலில் போட்டதும் குரங்குகளுக்குக் குழப்பம் வந்தது. சில நாள் காடு நிம்மதியாக இருந்தது. அவை அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையில் என் நாத்தனாருக்கு இதற்குமேல் வேலை இல்லை.

ஆனால் ஒரு மத்தியானம் பெரிய கடுவன் குரங்கு ஒன்று பலாமரத்தில் ஏறி டின்மேலேயே உட்கார்ந்துகொண்டது. அதன் கீழே என் குரல் கூவிக்கொண்டிருந்தது. அது ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, எதிர்மேட்டைப் பார்த்தது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தது. பிறகு இறங்கிக் கதிரை உருவ ஆரம்பித்தது. மற்றவை பின்னாலேயே வந்தன. நான் கம்பை எடுத்துக்கொண்டு ஏறுவதற்குள் மேல்வரப்பு ஓரம் முழுக்கக் கதிர் போன வெறும் தட்டாக நின்றது.

அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன். கடுவன் எதைப் பார்த்தது? எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. முதல் வாரத்தில் என் கூவு போனதும் எதிர்மேட்டிலிருந்து பதில் வந்தது. இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது, நடுவில் மாட்டிக்கொள்வோம் என்றுதான் அவை ஓடின. என் குரலுக்கு ஓடியதாக நான் நினைத்திருந்தேன். இப்போது பதில் வராது என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. வரிசையாகப் போட்டாலும் பின்னலில் போட்டாலும் பெட்டி தனியாகத்தான் கத்துகிறது.

மகன் போனில் கூப்பிட்டுச் சாமை எப்படி என்றான். குத்தகைக்காரர் விடாமல் கேட்கிறார் என்றும் சொன்னான். சாமை நன்றாக இருக்கிறது, அறுப்புக்கு வா என்று சொல்லி வைத்துவிட்டேன். மேல்வரப்பைப் பற்றிச் சொல்லவில்லை. கதிர் முற்ற இன்னும் நாள் இருந்தது. இப்படியே போனால் மகன் வரும்போது காட்டில் தட்டுதான் நிற்கும். அப்புறம் நான் வாய் திறக்க முடியாது.

காலையில் ஓடையைத் தாண்டிப் போனேன். எனக்கு அந்த இறக்கம் ஆகாது, கம்பை ஊன்றி மெல்ல மெல்லப் போனேன். நாத்தனார் தன் ராகிக்காட்டு ஓரத்தில் டின்னும் கழியுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் காட்டிலும் பாதிக் கதிர் இல்லை. நான் வருவதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்பு எல்லாம் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

"அம்மிணி, நம்ம சண்டை கொரங்குக்குத் தெரிஞ்சு போச்சு" என்றேன்.

அவள் திரும்பவில்லை. ஆனால் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்தாள்.

கடுவன் எதிர்மேட்டைப் பார்த்ததைச் சொன்னேன். அவளும் ஒன்று சொன்னாள். ராகியில் இறங்குகிற குரங்கும் முதலில் என் மேட்டைத்தான் திரும்பிப் பார்க்கிறதாம். அப்புறம் இரண்டு பேரும் களியும் கீரையும் சாப்பிட்டோம். அவள் போடுகிற களி கொஞ்சம் தளர்வு, நான் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவும்போது, அந்த டப்பா சந்தையில் இன்னும் கிடைக்கிறதா என்று ஓடையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

இரண்டாவது பெட்டி வந்தது. குழாயும் வந்தது. அதில் அவள் குரலைப் பிடித்தோம். அவள் முதலில் பெட்டிக்கு முன்னால் வாயைத் திறக்க வெட்கப்பட்டாள், அப்புறம் நிறுத்த மாட்டேன் என்றாள். என் பெட்டி கூவ வேண்டும், அவள் பெட்டி பதில் கூவு கொடுக்க வேண்டும். அங்கேதான் புதுச் சிக்கல் வந்தது. பின்னலில் போட்டால் என் பெட்டி நாயாகக் குரைக்கும்போது அவள் பெட்டி பதில் கூவு கொடுத்தது. யாரும் கூப்பிடாமல் கொடுக்கிற பதிலுக்கு ஒரு குரங்கும் பயப்படாது. தனி ஆள் என்றால் பின்னல் போடலாம். இரண்டு பேர் பேசிக்கொள்வதென்றால் வரிசை வேண்டும். இரண்டு பெட்டியிலும் பின்னலை எடுத்துவிட்டு வெறும் வட்ட அம்பை வைத்தேன்.

வரிசை இருந்தால் மட்டும் போதாது, நடுவில் சும்மா இருக்கவும் பெட்டிக்குத் தெரிய வேண்டும். ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமே. இதற்குக் கண்ணாடியில் படம் இருக்கிறதா என்று எல்லா இடத்திலும் தேடினேன். இல்லை. அதனால் சும்மா இருப்பதையே பிடித்து வைக்கலாம் என்று முடிவு செய்தேன். வீட்டுக்குள் உட்கார்ந்து, பொத்தானை அழுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். கோழி முட்டையிட்டுவிட்டுக் கொக்கரித்தது. மறுபடி பிடித்தேன், கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. மறுபடி பிடித்தேன். நாத்தனார் பக்கத்தில் இருந்துகொண்டு, இப்போது பேசலாமா அண்ணி என்று கேட்டாள். கடைசியில் பெட்டியைச் சேலையில் சுற்றிக் காலியாக இருந்த தானியக் குதிருக்குள் இறக்கி மூடி வைத்துவிட்டு, இரண்டு பேரும் வெளியே போய் நின்றோம். அதில் நல்ல அமைதி கிடைத்தது. ஒரு முறம் சாமை புடைக்கிற நேரம் வரும். அதை என் கூவுக்குப் பின்னாலும் அவள் பதிலுக்கு முன்னாலும் வைத்தேன்.

யார் முதலில் கூவுவது என்று ஒரு பேச்சு வந்தது. வயதுக்கு அவள் மூத்தவள், அவள் பெட்டிதான் முதலில் கூவ வேண்டுமாம். முறைக்கு அண்ணி நான் என்றேன். "டப்பாவுக்கு ஏதுங்க அண்ணி மொறை? வயசுதான்" என்றாள். அவள் டப்பா என்னுடையதைவிடச் சின்னது, நேற்று வாங்கியது, வயதைப் பார்த்தாலும் என்னுடையதுதான் மூத்தது என்றேன். ஆனாலும் காலையில் என்னுடையது, மத்தியானத்துக்கு மேல் அவளுடையது என்று விட்டுக்கொடுத்தேன். அதற்கு இன்னொரு பையில் வரிசையை மாற்றி வைக்க வேண்டியிருந்தது. வைத்தேன்.

இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் வீண். காலையில் நான் மேட்டில் நின்று என் தொண்டையால் கூவுவேன். அவள் பதில் கொடுத்து முடிக்கிற இடத்தில் இரண்டு பேரும் பொத்தானை அழுத்துவோம். பொழுது ஏற ஏற இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகும், மத்தியானத்தில் மறுபடி கூவி மறுபடி அழுத்துவோம். குரங்குகள் பாடம் படித்துவிடக் கூடாது என்று டின்னைத் தினமும் வேறு மரத்துக்கு மாற்றினோம். சில நேரம் நானோ அவளோ நடுவில் வாயாலும் ஒரு கூவு விடுவோம். எது பெட்டி, எது பொம்பளை என்று அவற்றுக்குத் தெரியக் கூடாது.

அந்தக் கடுவன் ஒரு நாள் டின்மேல் ஏறியது. கூவு போனது. அது எதிர்மேட்டைப் பார்த்தது. பதில் வந்தது. அது இறங்கிய வேகத்தில் ஒரு பிஞ்சுப் பலா உதிர்ந்து விழுந்தது. கூட்டம் முழுதும் மேலே சோலைக்குள் போனது. அதற்குப் பிறகு வராமல் இல்லை. வந்தன, ஓரத்தில் கொஞ்சம் தின்றன, போயின. அந்த அளவு எந்தக் காட்டிலும் போகும்.

அறுத்ததைக் களத்தில் அடிக்கிற அன்றைக்கு மகன் வந்தான். குத்தகைக்காரரையும் கையோடு கூட்டி வந்திருந்தான். அவர் வெள்ளை வேட்டியும் காலில் சேறு படாத செருப்புமாக வரப்பில் நின்று, மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தார். நல்ல மனிதர்தான், என்னிடம் மரியாதையாகப் பேசினார். சாமை களத்தில் குவிந்திருந்தது. நாத்தனாரும் ஆட்களோடு வந்து அடித்துத் தூற்றிக்கொண்டிருந்தாள். மகன் குனிந்து ஒரு கை அள்ளி, ஊதி, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தான். மேல்வரப்பு ஓரத்தில் மொட்டையாக நின்ற தட்டையும் பார்த்தான். ஆனால் களத்தில் இருந்ததை மறைக்க முடியாது. மூட்டை கட்டி வைத்ததையும் பார்த்தான்.

அப்புறம் குத்தகைக்காரரைத் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"காட்ட அம்மாவே வெச்சுக்கட்டுமுங்க. உங்களுக்குக் குடுத்தர்றேன்னு நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டேன்" என்றான்.

நான் முறத்தைக் கீழே வைத்தேன்.

"நீ குடுக்கறதுக்கு அது உன்ற கையில இருந்தாத்தான கண்ணு" என்றேன்.

நாத்தனார் தூற்றுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, ஆமாம்மா என்றான். இந்த முறை சிரிக்கவில்லை. குத்தகைக்காரர்தான் சிரித்தார். ஒரு படி சாமை கிடைக்குமா, வீட்டில் சர்க்கரை நோய்க்குச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டார். அளந்து கொடுத்தேன். இருவரும் களத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கு இறங்கிப் போனார்கள்.